பார வண்டியை ரேக்ளாவாக்குதல்

ரேக்ளாப் பந்தயத்தைச் சாலையோரம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த வண்டியில் வண்டி என்று சொல்லப் பெரிதாக எதுவும் இருக்காது. இரண்டு சக்கரம், ஓர் அச்சு, ஓர் ஏர்க்கால், ஓட்டுகிறவர் ஒண்டிக்கொள்ள ஒரு சின்னப் பலகை. நெல்மூட்டை ஏற்றும் பார வண்டியில் இருக்கிற அதே உறுப்புகள்தாம். வேகத்துக்கு உதவாததையெல்லாம் தச்சர் கழித்துக் கட்டியிருப்பார், அவ்வளவுதான்.

நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்க இளைஞர்கள் ஃபோர்டு மாடல் டி காருக்குச் செய்ததும் இதைத்தான். கதவு, கூரை, மட்கார்டு, பின் சீட்டு எல்லாவற்றையும் கழற்றி வீசிவிட்டு, வெறும் சேஸிஸ் மேல் இரண்டு சீட்டும் ஒரு பெட்ரோல் டாங்கும் வைத்து ஓட்டினார்கள். அப்படிப்பட்ட வண்டிக்கு ஸ்பீட்ஸ்டர் என்று பெயர். மெர்சர் ரேஸ்அபவுட், ஸ்டட்ஸ் பேர்கேட் போன்ற தொழிற்சாலை ஸ்பீட்ஸ்டர்களும் இருந்தன. அவை பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு. விவசாயி மகனுக்கு வாய்த்தது அப்பா ஓட்டித் தேய்த்த பழைய ஃபோர்டு.

இந்தக் கழற்றல் வேலையை முதலில் ஊரறியச் செய்து காட்டியது ஃபோர்டு கம்பெனியேதான். 1909 ஜூன் மாதம் நியூயார்க்கிலிருந்து சியாட்டில்வரை கண்டத்தைக் குறுக்காகக் கடக்கும் பந்தயம் ஒன்று நடந்தது. கம்பெனி இரண்டு மாடல் டி கார்களை எலும்பும் தோலுமாக்கி அனுப்பியது. அவற்றில் ஒன்று 22 நாள் சொச்சத்தில் முதலாவதாக வந்து சேர்ந்தது. வழியில் எஞ்சினை மாற்றிவிட்டார்கள் என்று பிற்பாடு தெரிந்து பரிசு கைமாறியது. அதற்குள் ஃபோர்டின் விளம்பரம் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்த அத்தியாயத்தில் நாமும் அப்படி ஒரு வண்டியைக் கட்டப்போகிறோம். தாளும் பென்சிலும் போதும். 1920-களின் நடுவில் அமெரிக்கக் கடைகளில் கிடைத்த சாமான்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. அந்தக் காலத்து விலைப்பட்டியல்கள் பளபளக்கும் உடலையும் புதிய சிலிண்டர் ஹெட்டையும்தான் முதல் பக்கத்தில் போடும். நாம் அந்த வரிசையில் போக வேண்டியதில்லை.

முதலில் கையில் இருக்கிற மாட்டைப் பார்ப்போம். மாடல் டி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் செய்யப்பட்ட கார். நான்கு சிலிண்டர், 2.9 லிட்டர். இன்றைய சின்ன கார்களைவிட மூன்று மடங்கு பெரிய எஞ்சின். கிடைப்பதோ நிமிடத்துக்கு 1600 சுற்றில் 20 குதிரைத்திறன்! ஆனால் அதன் இழுவிசை உச்சத்தைத் தொடுவது 900 சுற்றிலேயே. சேற்றில் புதைந்த வண்டியை முக்கி இழுக்கும் உழவு மாட்டின் குணம் அது. ஓடச் சொன்னால் ஓடாது.

ஓடவே ஓடாது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பின் டயரின் குறுக்களவு 30 அங்குலம். ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 2.39 மீட்டர் நகரும். டாப் கியரில் எஞ்சின் 3.64 முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழலும். 1600-ஐ 3.64-ஆல் வகுத்து, 2.39-ஆல் பெருக்கி, மணிக் கணக்காக்கினால் 63 கிலோமீட்டர் வருகிறது. மாடல் டி மணிக்கு 65, நன்றாக இருந்தால் 70 போகும் என்று எல்லாரும் சொல்வதன் ரகசியம் இந்த மூன்று எண்கள்தாம்.

இப்போது நமக்கு 100 வேண்டும். அதே கியரில் எஞ்சின் 2530 சுற்றுக்கு மேல் போக வேண்டும். பின் ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கரங்களை மாற்றி விகிதத்தை 3-க்கு ஒன்று ஆக்கினால் 2090 சுற்றே போதும். அப்படிப்பட்ட ஜோடிப் பல்சக்கரங்கள் அப்போதே விற்பனைக்கு வந்திருந்தன. ஆனால் கியரை மாற்றுவதால் சக்தி பிறந்துவிடாது. வேகம் ஒன்றரை மடங்கானால் காற்றின் எதிர்ப்பு இரண்டேகால் மடங்காகிறது. அதை வெல்லத் தேவையான திறன் 3.4 மடங்கு. எடையைக் குறைத்தாலும் இது தீராது. சமதளத்தில் உச்ச வேகத்தை நிர்ணயிப்பதில் எடைக்குப் பங்கு குறைவு, அங்கே காற்றின் ராஜ்ஜியம்தான். எடைக் குறைப்பின் பலன் கிளம்பும்போதும் மேடு ஏறும்போதும் தெரியும். உடலைக் கழற்றிவிட்டு, வண்டி பறக்கிறது என்று குதித்த பையன்கள் உணர்ந்தது முடுக்கத்தை. வேகமானி இருந்திருந்தால் ஏமாற்றமடைந்திருப்பார்கள்.

ஆக, எஞ்சினுக்குள் கை வைத்தே தீர வேண்டும்.

இவ்வளவு பெரிய எஞ்சின் இவ்வளவு சோம்பேறியாக இருக்கக் காரணம் இரண்டு. ஒன்று அமுக்கவிகிதம். பிஸ்டன் கீழே இருக்கும்போது சிலிண்டரில் உள்ள இடத்தையும் மேலே வந்தபின் மிஞ்சும் இடத்தையும் ஒப்பிடும் எண் அது. மாடல் டி-க்கு அது தொடக்கத்தில் நாலரை. 1917 வாக்கில் நாலு. இன்றைய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் பத்துக்குக் குறையாது. வெப்பவியல் சூத்திரப்படி, விகிதம் 4 என்றால் எரிபொருளின் வெப்பத்தில் அதிகபட்சம் 43 சதவீதமே வேலையாக மாறலாம், 6 என்றால் 51. காகிதத்தில் வரும் இந்த எண்களை நிஜ எஞ்சின் எட்டுவதே இல்லை. இருந்தாலும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நிஜம். அதே பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு சக்தி கூடுதல், இனாமாக.

அப்படியானால் ஃபோர்டு ஏன் அதைச் செய்யவில்லை? பெட்ரோல் மட்டம். மண்ணெண்ணெய்க்கு அண்ணன் போன்ற அந்தப் பெட்ரோலை அதிகம் அமுக்கினால், தீப்பொறியிலிருந்து கிளம்பிய சுடர் அறையின் கடைசி மூலையைத் தொடும் முன்பே அந்த மூலையில் இருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாக வெடித்துவிடும். மெக்கானிக்குகள் ‘எஞ்சின் தட்டுது’ என்பார்களே, அந்தச் சத்தம் இதுதான். சுத்தியலால் பிஸ்டன் மண்டையில் அடிப்பதற்குச் சமம்.

இரண்டாவது காரணம் வால்வு இருக்கும் இடம். மாடல் டி-யில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், கீழிருந்து மேல்நோக்கித் திறக்கும். உள்ளே வரும் கலவை மேலே ஏறி, திரும்பி, கிடைமட்டமாக நகர்ந்து, மறுபடி கீழே இறங்கித்தான் பிஸ்டனிடம் வர வேண்டும். சந்துக்குள் புகுந்து சமையற்கட்டு வழியாகக் கூடத்துக்கு வருகிற கதை. மெதுவாக ஓடும்போது பரவாயில்லை. சுற்று கூடக் கூட, உள்ளே வர நேரமில்லாமல் பாதிக் கலவை வாசலிலேயே நின்றுவிடும். போதாததற்கு, பிஸ்டன் தலைக்கும் வால்வுத் தலைக்கும் மேலாக அறை தட்டையாக, அகலமாகப் பரந்து கிடக்கிறது. சுடருக்கு நெடும்பயணம். நெடும்பயணம் என்றால் தட்டலுக்கு அவகாசம்.

இந்த இரண்டாவது முடிச்சை அழகாக அவிழ்த்தவர் ஹாரி ரிக்கார்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர். அவர் வால்வை இடம் மாற்றவில்லை. பிஸ்டனுக்கு மேலே இருந்த காலியிடத்தை ஏறக்குறைய மூடிவிட்டார். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஹெட்டை உரசாத குறைதான். நடுவில் சிக்கிய கலவை பிதுங்கி, வால்வுகளுக்கு மேலே உள்ள சிறிய அறைக்குள் பீய்ச்சியடிக்கும். அங்கே எழும் கொந்தளிப்பில் சுடர் வேகமாகப் பரவும், கடைசி மூலையும் அருகிலேயே இருக்கும். அமுக்கத்தைக் கூட்டலாம், எஞ்சின் தட்டாது. விஸ்கான்சின் மாநிலத்து வாகேஷா கம்பெனி இந்த முறையில் மாடல் டி-க்கென்றே ஒரு ஹெட் வார்த்து விற்றது. பழைய ஹெட்டைக் கழற்றி இதை வைத்து போல்ட்டை முறுக்கினால் வேலை முடிந்தது. நம் வண்டிக்கு எதைத் தேர்வாய் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் கிறுக்குப் பிடித்தவர்கள் இதோடு நிற்கவில்லை. வால்வையே தலைக்கு மேல் தூக்கி வைத்தார்கள். இண்டியானா மாநிலம் ஆண்டர்சன் ஊரில் ராபர்ட் ரூஃப் என்பவர் சிலிண்டருக்கு நான்கு வீதம் 16 வால்வு வைத்த ஹெட் செய்தார். 1913-இல் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தை பூஜோ கார் ஒன்று நான்கு வால்வு எஞ்சினுடன் வென்றிருந்தது. அந்த மந்திரத்தை ஃபோர்டு வைத்திருப்பவனுக்கும் விற்க முடியும் என்று ரூஃப் கண்டுகொண்டார். ரஸீன் ஊரில் ஜோ யாகர்ஸ்பெர்கர் என்ற பந்தய வீரர், 1911-இல் ஒரு விபத்தில் காலை இழந்தபின் ஹெட் செய்யும் தொழிலில் இறங்கினார். ஊர்ப் பெயரின் தலையையும் தன் பெயரையும் ஒட்டி ‘ராஜோ’ என்று பெயர் வைத்தார். நம் காதுக்கு ஏதோ மதுரைப் பட்டறைக்காரர் பெயர் போலக் கேட்கிறது.

எல்லாவற்றிலும் பேர்போனது ஃபிரண்டெனாக். அதைச் செய்தவர்கள் லூயி, ஆர்தர் என்ற சகோதரர்கள். குடும்பப் பெயர் ஷெவர்லே! தன் பெயரில் தொடங்கிய கார் கம்பெனியை விட்டு லூயி சில வருஷங்களிலேயே வெளியேறியிருந்தார். தம்பி காஸ்டன் 1920-இல் இண்டியானாபொலிஸ் பந்தயத்தை வென்று, அதே ஆண்டு நவம்பரில் பெவர்லி ஹில்ஸ் மரத்தள ஓடுபாதையில் உயிரை விட்டார். மிஞ்சிய அண்ணன்மார் பந்தயத்தில் கற்றதை எல்லாம் ஃபோர்டுக்கு ஒரு ஹெட்டாக வார்த்தார்கள். ஷெவர்லே என்ற பெயர் கொண்ட கார், சந்தையில் ஃபோர்டை ஒழிக்க முண்டிக்கொண்டிருந்த வருஷங்களில் நடந்தது இது.

சரி, ஹெட் வைத்தாயிற்று. இனிமேல்தான் சிக்கல். ரேக்ளாக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். மாட்டை மாற்றினால் நுகத்தடி முறியும், நுகத்தடியை மாற்றினால் அச்சு முறியும். மாடல் டி-யின் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கில் உட்காரும் இடத்தில் ஒன்றேகால் அங்குலம்தான் தடிமன். தாங்குவதற்கு மூன்றே பேரிங். எதிர் எடைகள் கிடையாது. பிஸ்டன் மேலும் கீழும் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் அதை நிறுத்தித் திருப்பும் விசை சுற்றின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். 1600 சுற்றிலிருந்து 2530-க்குப் போனால் அந்த விசை இரண்டரை மடங்கு. பிஸ்டனோ கனத்த வார்ப்பிரும்பு. கிராங்க் ஷாஃப்ட் ஸ்கிப்பிங் கயிறுபோல வளைந்து சுழல ஆரம்பிக்கும். முதலில் வெள்ளை உலோக பேரிங் நசுங்கும், பிறகு ஒருநாள் ஷாஃப்டே இரண்டு துண்டாகும்.

நாம் 3-க்கு ஒன்று கியரைத் தேர்ந்தெடுத்ததன் அருமை இங்கேதான் தெரிகிறது. 2090 சுற்றில் அந்த விசை 1.7 மடங்கோடு நின்றுவிடும். வார்ப்பிரும்பு பிஸ்டனை எடுத்துவிட்டு அலுமினியம் போட்டால் இன்னும் குறையும். அன்றைக்கே இவை கிடைத்தன. எண்ணெய் வரும் வழியையும் திருத்த வேண்டும். மாடல் டி-யில் எண்ணெய் பம்ப் இல்லை. சுழலும் ஃபிளைவீல் வாரியிறைக்கும் எண்ணெய் ஒரு குழாய்வழி முன்பக்கம் போய், அங்கிருந்து தொட்டிகளை நிரப்பிக்கொண்டே திரும்பி வரும். மேடு ஏறும்போது முன் சிலிண்டர் வறளும். கூடுதல் குழாய் ஒன்றை வெளியே மாட்டிக்கொள்வது மலிவான வைத்தியம். தண்ணீருக்கும் அதே கதி. சூடான நீர் மேலேறும், குளிர்ந்தது இறங்கும் என்ற இயற்கையை நம்பி, பம்ப் இல்லாமல் விட்டிருக்கிறார்கள். அழகுக்காக ரேடியேட்டரைத் தாழ்த்தியவர்களின் வண்டிகள் அடுப்பில் வைத்த பானைபோலக் கொதித்தன. சூட்டால் நீர் ஏறும் உயரத்தை வெட்டிவிட்டு, சூட்டை மட்டும் கூட்டினால் வேறென்ன நடக்கும்?

இப்போது எல்லாரும் கடைசிக்குத் தள்ளும் விஷயம். நிறுத்துவது.

மாடல் டி-யில் மூன்று பெடல்கள் உண்டு. இடது பெடலை அழுத்தினால் லோ கியர், விட்டால் டாப். நடுப் பெடல் ரிவர்ஸ். வலது பெடல் பிரேக். ஆக்சிலரேட்டர் ஸ்டியரிங் தண்டில் இருக்கும் ஒரு குச்சி. இன்றைக்குக் கார் ஓட்டத் தெரிந்தவரை உட்கார வைத்தால் முதல் நிமிடமே சுவரில் முட்டுவார். அது போகட்டும். பிரேக் பெடல் எதைப் பிடிக்கிறது என்பதுதான் கேள்வி. அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு டிரம்மை, எண்ணெயில் ஊறிய துணிப் பட்டையால் இறுக்குகிறது. அந்த இறுக்கம் நீண்ட தண்டு வழியாக, பின் ஆக்சில் பல்சக்கரம் வழியாகப் போய்ப் பின் சக்கரங்களைச் சேர வேண்டும். முன் சக்கரங்களுக்கு பிரேக்கே கிடையாது. பின் சக்கரத்தில் கை நெம்புகோலால் விரியும் சிறு கட்டைகள், நின்ற வண்டி உருளாமல் இருப்பதற்கு உதவும். ஓடும் வண்டியை அவற்றால் நிறுத்த முடியாது.

இந்த ஏற்பாட்டுக்கு நடுவே நம் ஆள் புத்திசாலித்தனமாக ஒரு சாமான் வாங்கி மாட்டுகிறான். வார்ஃபோர்ட் என்ற கூடுதல் கியர்பாக்ஸ். இரண்டு கியர் வண்டி பல கியர் வண்டியாகிறது. மாட்டும் இடம் பழைய கியர்பாக்ஸுக்குப் பின்னால். மலைச் சரிவில் இறங்கிக்கொண்டே அதை ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும்போது பல் சேரவில்லை என்று வையுங்கள். நியூட்ரலில் நிற்கிறது. அந்தக் கணத்தில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்தது. பிரேக் டிரம் எந்தப் பக்கம்? எஞ்சின் பக்கம். பெடலை எவ்வளவு மிதித்தாலும் காற்றை மிதிப்பதுதான். ஃபோர்டே ஒப்புதல் கொடுத்து விற்கவிட்ட ரக்ஸ்டெல் இரண்டு வேக ஆக்சிலிலும் இதே அபாயம் உண்டு.

அதனால்தான் பின் சக்கரங்களில் பெரிய டிரம் வைத்து, வெளியிலிருந்து பட்டை இறுக்கும் பிரேக்குகள் வந்தன. ராக்கி மவுண்டன் பிரேக் என்று பெயர். பெயரே அது எங்கே தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறது. 65-இல் போகும் வண்டியைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில் போகும் வண்டி சுமக்கும் இயக்க ஆற்றல் இரண்டேகால் மடங்கு. அவ்வளவையும் சூடாக்கிக் காற்றில் விட ஏதாவது ஒரு இரும்பு வேண்டாமா? என் பென்சில் வண்டியில் முதலில் மாட்டப்படும் சாமான் இது. ஹெட் அப்புறம்.

மிஞ்சியது உடலும் உயரமும். கென்டக்கி மாநிலத்து ஏம்ஸ், இண்டியானாபொலிஸின் மார்ட்டன் அண்ட் பிரெட், ரூஃபின் ஹெட்டை விற்ற லாரல் எனப் பல கம்பெனிகள் தயார் உடல்களை மரப்பெட்டியில் அடைத்து ரயிலில் அனுப்பின. வாலில் படகு முனைபோலக் கூர்மை, பக்கவாட்டில் பானெட் திறப்புகள், ஓட்டுநருக்கு மட்டும் வட்டமான ஒற்றைக் கண்ணாடி. அந்தக் கூர்வால் காற்றைக் கிழிக்கும் என்று விளம்பரம் சொன்னது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. பின்னால் காற்று சுழன்று இழுப்பதைக் கூர்வால் குறைக்கும் என்பது சரிதான். ஆனால் நான்கு சக்கரமும் முன் ஆக்சிலும் விளக்குகளும் வெளியே துருத்திக்கொண்டு காற்றை அடித்துத் துவைத்தபின், வாலில் செய்யும் பணிவிடைக்கு எவ்வளவு மதிப்பு? பலன் தந்தது சீட்டைத் தரையோடு தாழ்த்தியது. காற்றுக்கு முகம் கொடுக்கும் பரப்பு குறைந்தது. ஈர்ப்பு மையமும் இறங்கியது.

அந்த இறக்கம் திருப்பங்களில் கை கொடுக்கும். வண்டி வளையும்போது உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறும் சுமை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தோடு நேராகக் கூடும். மாடல் டி-யில் முன்னும் பின்னும் குறுக்காக வளைந்த ஒற்றை வில்பட்டை மேல்தான் சேஸிஸ் உட்கார்ந்திருக்கிறது. உயரமான பலா மரம் போலச் சாயும். சேஸிஸை ஆக்சிலுக்கு நெருக்கமாக இறக்கித் தரும் வார்ப்புத் துண்டுகள் கடையில் கிடைத்தன. அதற்காக முன் ஆக்சிலின் பின்சாய்வைக் கெடுத்துவிடக் கூடாது. சைக்கிளில் கையை விட்டு ஓட்ட உதவுகிற அதே சாய்வுதான் ஸ்டியரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவருகிறது. அது போனால் 90-இல் முன் சக்கரங்கள் நடுங்கத் தொடங்கும். கம்பி ஸ்போக் சக்கரமும் போடலாம், மரச் சக்கரத்தைவிட லேசு. ஒல்லிக் கம்பி வண்டியைத் தாங்குமா என்று கேட்பவர்களுக்கு: எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே இழுத்துக் கட்டப்பட்டவை. தரையை ஒட்டிய கம்பியில் அந்த இழுப்பு தளர்வதன் மூலமே சுமை தாங்கப்படுகிறது. இழுப்பு தீராதவரை கம்பி மடங்காது.

இன்றைக்கு இப்படிக் கட்டுபவர்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நிறைய இருக்கிறார்கள். பழைய ஃபிரண்டெனாக், ராஜோ ஹெட்டுகளுக்கு நல்ல விலை. பல வெடிப்பு விட்டவை. வாங்கியவுடன் காந்தத் தூளைத் தூவியோ சாயம் ஊறவைத்தோ பார்க்காமல் மாட்டுவது மடத்தனம். உள்ளே புதிய உருக்கில் கிராங்க் ஷாஃப்ட் போட்டு, வெளியே எல்லாம் பழசாகக் காட்டுவோரைச் சிலர் ஏமாற்றுக்காரர் என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நூறு வயது இரும்பின் களைப்பு கண்ணுக்குத் தெரியாது. உடலில் அசல் வேண்டும், உயிர் தொங்கும் இடத்தில் புதிது வேண்டும்.

ஃபோர்டு இரும்பின் எல்லை எதுவரை என்று பார்த்தவர்கள் இண்டியானாபொலிஸிலேயே இருந்தார்கள். 1923-இல் அந்தப் பந்தயத்தின் எஞ்சின் வரம்பு இரண்டு லிட்டராகக் குறைக்கப்பட்டது. பார்பர்-வார்னாக் என்ற உள்ளூர் ஃபோர்டு விற்பனையாளர்கள் மாடல் டி எஞ்சினை அந்த அளவுக்குச் சுருக்கி, ஃபிரண்டெனாக் ஹெட் மாட்டி, எல். எல். கோரம் என்பவர் கையில் கொடுத்தார்கள். பெரும் பணத்தை விழுங்கிய மில்லர் பந்தயக் கார்களுக்கு மத்தியில் அது 500 மைலையும் மணிக்கு 80 மைலுக்கு மேற்பட்ட சராசரியில் ஓடி ஐந்தாவதாக வந்தது. அடுத்த ஆண்டு ஹென்றி ஃபோர்டே பந்தயத்துக்கு நடுவராக வந்து அமர, அதே அணியின் மூன்று வண்டிகள் இறங்கின. அவற்றில் ஒன்று 16-ஆவதாக முடித்தது. ஓட்டியவர் ஆல்ஃபிரட் மாஸ், இங்கிலாந்திலிருந்து வந்த இளைஞர். ஐந்து வருஷம் கழித்து அவருக்கு ஒரு மகன் பிறந்தான், பின்னாளில் பந்தய உலகம் கொண்டாடிய ஸ்டிர்லிங் மாஸ்.